பாண்டியைக் கால்நடையாகப் பார்க்க

பாண்டிக்கு வர எனக்குப் பிடித்தது ரயில். விழுப்புரம் சுற்றி வருவதால் சென்னைக்காரர்களுக்கு நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் ஸ்டேஷன் பழைய ஊரை ஒட்டியே இருக்கிறது. வெளியே வந்தால் சுப்பையா சாலை, பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாக இருதய ஆண்டவர் பேராலயம். அப்படியே கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் கடல்.

ஈ.சி.ஆர். வழியாகப் பஸ்ஸில் வந்தால் ஊருக்கு மேற்கே மறைமலையடிகள் சாலையில் இறங்குவீர்கள். அங்கிருந்து கடற்கரை 2 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோ பிடித்துவிடுங்கள், ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் தங்குமிடத்தில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. சனி, ஞாயிறுகளில் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

இனி வழி. பழைய ஊர் முட்டை வடிவம். தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நாலுக்குள் வீதிகள் நூல் பிடித்தாற்போல ஓடும். வழி தவறினால் பயமே வேண்டாம், கிழக்கே போகும் ஏதாவதொரு வீதியைப் பிடித்தால் கடலோரம் வந்து சேருவீர்கள். நடுவில் தெற்கு வடக்காகப் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. துய்மா வீதியில் மஞ்சள் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தமிழர் பகுதியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தீராத வருத்தம். கிழக்கே உயரமான மதில், பெரிய கதவு. வீட்டின் அழகெல்லாம் உள்ளே. மேற்கே வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், மிஷன் வீதிப் பக்கம் போய் வைசியாள் வீதியைக் கேளுங்கள். அங்கே ஒரு வீட்டு முன்னால் நின்று கீழிருந்து மேலே பாருங்கள். கீழே திண்ணை, அதற்கு வெளியே தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், செதுக்கிய கதவு. எல்லாம் நம் வீடு. அண்ணாந்து பார்த்தால் மாடியில் வளைவு வைத்த ஜன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும், முழுக்கப் பிரெஞ்சு பாணி. இரண்டு ஊரும் ஒரே சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியாது. இந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும், இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணையில் உட்கார வேண்டுமானால் "கொஞ்ச நேரம் உட்காரலாமாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

அப்படியே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதிக்குப் போனால் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908 முதல் பத்தாண்டுகள் அவருக்கு அடைக்கலம் தந்த ஊர் இது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். பெரிய மார்க்கெட்டுக்குள் காலையிலேயே நுழைந்துவிடுங்கள், மீன் பக்கமும் பூ பக்கமும் அப்போதுதான் களைகட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுக்க நடைபாதைக் கடைதான், கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் பார்க்கலாம்.

மதியத்தில் நடக்காதீர்கள். நேரு வீதியில் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போகலாம், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. மணக்குள விநாயகர் கோயில் மதியம் சாத்திவிட்டு நாலு மணி வாக்கில் திறப்பார்கள். பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம், உள்ளே பேச்சு கூடாது, படமும் எடுக்கக் கூடாது.

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்குத்தான் அந்தச் சாலை. குழந்தைகளைத் தாராளமாக ஓட விடலாம். கரையோரப் பாறைகளில் மட்டும் இறங்க விடாதீர்கள், வழுக்கும்.