கலைப்படைப்பை அணுகுவது எப்படி: பொருள் வேறு, மதிப்பு வேறு

“இந்த ஓவியம் என்ன சொல்கிறது?” என்பது ஒரு கேள்வி. “இது நல்ல ஓவியமா?” என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை தேடும்போதே இரண்டாவது நடுவில் புகுந்துவிடுவதால்தான் கலை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முட்டி நிற்கின்றன. இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும் முறை இது.

தாளும் பென்சிலும் போதும். தாளை நெடுக்காக மூன்று பத்திகளாகப் பிரித்து, ‘கண்டது’, ‘பொருள்’, ‘மதிப்பு’ என்று தலைப்பிடுங்கள். கைபேசிக் குறிப்பேடு வேண்டாம். மூன்றும் ஒரே பார்வையில் அருகருகே தெரிய வேண்டும்.

1. கண்டதை மட்டும் எழுதுங்கள்

பத்து நிமிடம் பாருங்கள். விளக்கப் பலகையைப் பிறகு படிக்கலாம். ‘சோகமான பெண்’ என்று எழுதினால் அது ஏற்கெனவே பொருள். ‘தலை குனிந்திருக்கிறாள், கண்கள் மூடியிருக்கின்றன’ என்பதே முதல் பத்திக்கு உரியது.

2. படைப்பின் இன்றைய நிலையைச் சரிபாருங்கள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தில் இருப்பது இரவே அல்ல. மேற்பூச்சு கறுத்துப்போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1940களில் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் தெரிந்தது. போதாததற்கு, 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபச் சுவருக்குப் பொருந்தும்படி ஓரங்களை வெட்டிவிட்டார்கள். இடப்பக்கத்தில்தான் அதிகம் போயிற்று. முதலில் வலப்பக்கம் தள்ளி நின்ற காவல்படைத் தலைவர்கள் இருவரும் அதனால் இப்போது நடுவில் நிற்கிறார்கள். இது தெரியாமல் இருளையும் அமைப்பையும் வைத்துச் சொல்லும் பொருள் நிற்காது.

3. எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள்

அமெரிக்கத் தத்துவ அறிஞர் கெண்டல் வால்டன் 1970இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை வருகிறது. ‘குவெர்னிக்கா’ என்ற பெயரில் மேடுபள்ளமான புடைப்புப் படைப்புகளை மட்டுமே செய்யும் ஒரு சமூகம். பிக்காசோவின் தட்டையான ‘குவெர்னிக்கா’ ஓவியம் அவர்களுக்கு உயிரற்றதாகவோ அமைதியானதாகவோ தோன்றலாம். நமக்கோ அது கொந்தளிப்பு. ஓவியம் மாறவில்லை, வகை மாறியிருக்கிறது. ஆகவே ‘மதிப்பு’ பத்தியில் ‘இது ... என்ற வகையில்’ என்று தொடங்குங்கள்.

4. படைப்பாளியின் நோக்கம்

பலரும் இடறுவது இங்கேதான். அமெரிக்க அறிஞர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல், இலக்கியப் படைப்பின் வெற்றியை அளக்க ஆசிரியரின் நோக்கம் கிடைக்கக்கூடியதும் அல்ல, விரும்பத்தக்கதும் அல்ல என்றார்கள். 1967இல் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த், பொருளை முடிவுசெய்வது வாசகரே என்ற கருத்தில் ‘ஆசிரியர் இறந்தார்’ என்று எழுத, அதே ஆண்டில் அமெரிக்க விமர்சகர் இ. டி. ஹிர்ஷ், ஆசிரியர் கருதியதே பொருள் என்று வாதிட்டார்.

அணி சேரும் முன் ‘பொருள்’ பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதியுங்கள்: “இதை மறுக்கும் நாட்குறிப்பு நாளை கிடைத்தால் இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுவேனா?” ஆம் என்றால் அது படைப்பாளியைப் பற்றிய கூற்று, கடிதம், முன்வரைவு போன்ற சான்று தேவை. இல்லை என்றால் அது படைப்பைப் பற்றியது. முதல் பத்தியில் ஆதாரம் காட்டுங்கள். இரண்டும் கலந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

நோக்கத்தை முழுதாகத் தள்ளினால் அங்கதம் கைவிட்டுப் போகும். ஒருவர் கிண்டலாகச் சொன்னதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வீர்கள். நோக்கமே எல்லாம் என்றால், நிறைவேறாத எண்ணங்களையும் படைப்பின் கணக்கில் எழுதுவீர்கள். தத்துவ அறிஞர் ஜெரோல்ட் லெவின்சனின் நடுவழியே எனக்குச் சரியாகப் படுகிறது: படைப்பின் சூழலை நன்கு அறிந்த வாசகர், படைப்பாளி இதைத்தான் கருதியிருப்பார் என்று செய்யும் சிறந்த ஊகமே பொருள்.

உங்கள் பொருளால் விளக்க முடியாத ஒரு விவரத்தையாவது முதல் பத்தியில் தேடுங்கள். அந்த விவரம் ஓவியத்தின் மையத்தில் இருந்தால் பொருளை மாற்றுங்கள்.

5. மதிப்பிடுங்கள்

‘எனக்குப் பிடிக்கிறது’, ‘இது அழகானது’ என்று இரண்டு வாக்கியம் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவதைச் சொல்பவர் மற்றவர்களின் ஒப்புதலையும் கோருகிறார், ஆனால் விதி காட்டி நிறுவ முடியாது என்பது ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1790இல் சொன்னது. நிறுவ முடியாததால் சுட்டிக்காட்டத்தான் வேண்டும்: ஒவ்வொரு தீர்ப்புக்கும் முதல் பத்தியிலிருந்து ஒரு விவரம். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹ்யூம் 1757இல் நல்ல ரசிகருக்குக் கேட்டவற்றில் ஒப்பிட்டுப் பார்த்த பழக்கமும் ஒன்று. அதே வகையில் இன்னும் இரண்டு படைப்புகளையாவது பார்த்த பிறகே ‘சிறந்தது’ என்று எழுதுங்கள்.

போலிகள் இந்தப் படியைக் குழப்பும். 1937இல், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று கலை அறிஞர் பிரேடியஸ் புகழ்ந்த ஓவியம், வான் மீகரன் என்ற ஓவியர் வரைந்த போலி. 1945இல் அவரே ஒப்புக்கொண்டார். ஒரு வண்ணமும் மாறவில்லை, மதிப்பு சரிந்தது. கண்ணுக்குத் தெரியும் சிறப்புக்கு ஒரு வரி, படைத்தவரின் சாதனைக்கு ஒரு வரி என்று பிரித்துவிட்டால் எது சரிந்தது என்று தெளிவாகத் தெரியும்.

பின்சேர்க்கை: ஒழுக்கக் குறையைக் கலைக்குறையாக எண்ணலாமா என்பது அடிக்கடி எழும் சந்தேகம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோயல் கேரலின் அளவுகோல் பயன்படும். அந்தக் குறையின் காரணமாக, படைப்பு எதிர்பார்க்கும் உணர்ச்சி, ஒழுக்க உணர்வுள்ள பார்வையாளரிடம் எழாமல் போகிறதா? உதாரணமாக, நாயகன் என்று நாம் போற்ற வேண்டியவர் கொடூரராகவே தெரிகிறாரா? அப்படியானால் ‘மதிப்பு’ பத்தியில் எழுதுங்கள். அந்த உணர்ச்சிக்கும் குறைக்கும் தொடர்பில்லை என்றால் தாளின் அடியில் தனிக்குறிப்பாக வையுங்கள்.