தடுப்பு ஏற்பிகள் தூண்டும் சைகையை எப்படி அடக்குகின்றன? விரிதாளில் போட்டுப் பார்க்கலாம்

காபா என்னும் தடுப்பு வேதிப்பொருள் தன் ஏற்பியில் வந்து சேர்ந்தால் நரம்பணுவின் மின்னழுத்தம் இறங்கும், அதனால் சைகை தடைபடும் என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தால் பாதி புரியாது. சில எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே எனக்குத் தெளிவு வந்தது. அதே வழியை இங்கே தருகிறேன்.

விரிதாள் ஒன்று போதும். நான் பயன்படுத்துவது லிப்ரே ஆபிஸ் கால்க். நியூரான் போன்ற உருவகப்படுத்தும் மென்பொருள் அருமையானது, ஆனால் முதல் நாளே அதில் இறங்காதீர்கள். விடை வந்துவிடும், காரணம் பிடிபடாது.

படி 1: அட்டவணை

மூன்று வரிசைகள், ஒவ்வொன்றிலும் கடத்துதிறன் (நானோசீமென்ஸ்), திருப்பு மின்னழுத்தம் (மில்லிவோல்ட்). அந்த வழியே நிகர அயனி ஓட்டம் நின்றுபோகும் மின்னழுத்தம்தான் திருப்பு மின்னழுத்தம். கசிவு என்பது ஓய்விலும் திறந்திருக்கும் வழிகள்; குளுட்டமேட் என்பது தூண்டும் வேதிப்பொருள்.

கசிவு: 10, −70
குளுட்டமேட் (ஆம்பா ஏற்பி): 5, 0
காபா-ஏ ஏற்பி: 10, −70

ஒவ்வொரு வரிசையிலும் இரண்டையும் பெருக்குங்கள். வந்ததையெல்லாம் கூட்டி, கடத்துதிறன்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். சவ்வு மின்னழுத்தம் போய் நிற்கும் இடம் அதுதான். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. நரம்பணுவுக்கு நரம்பணு மாறும். சைகை கிளம்பும் வாசலை −50 என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: குளுட்டமேட் மட்டும்

காபா வரிசையின் கடத்துதிறனைச் சுழியமாக்குங்கள். விடை −46.7. வாசலைத் தாண்டிவிட்டது.

படி 3: காபா-ஏ

இதுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம். குளுட்டமேட்டைச் சுழியமாக்கி, காபாவை மட்டும் 10 என்று போடுங்கள். விடை −70. ஒன்றுமே அசையவில்லை! அப்படியானால் இந்த ஏற்பி எதைத் தடுக்கிறது?

இப்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். −46.7 ஆக இருந்தது −56க்கு இறங்கிவிடும், வாசலை எட்டவில்லை. காபா-ஏ என்பதே எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு அயனிகளை விடும் ஒரு வாயில். ஓய்வு நிலையில் அது திறந்தாலும் குளோரைடை உந்த விசை இல்லை. குளுட்டமேட் மின்னழுத்தத்தை மேலே தள்ளத் தொடங்கியதும் குளோரைடு உள்ளே பாய்ந்து அந்த ஏற்றத்தைக் கரைத்துவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது மாதிரி. கணக்கிலும் பாருங்கள்: ஓய்வு நிலையான −70இலிருந்து ஏற்றத்தை அளந்தால், காபா எதையும் கழிக்கவில்லை, வகுக்கும் எண்ணைத்தான் பெரிதாக்கியது. இதை ஷன்ட் தடுப்பு என்பார்கள். ஓட்டுடலிகளின் தசையில் ஃபேட்டும் காட்ஸும் 1953இலேயே, மின்னழுத்தம் பெரிதாக மாறாமலே தடுப்பு நடப்பதைக் காட்டிவிட்டார்கள்.

படி 4: காபா-பி, பெறும் பக்கம்

இது வாயில் அல்ல. அணுவுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதம் வழியாகப் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கும். அதனால் மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும். காபா-ஏ வரிசைக்குப் பதிலாக 3, −95 என்று போடுங்கள். தனியாக −75.8, குளுட்டமேட்டுடன் −54.7. சரி, இதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

படி 5: காபா-பி, அனுப்பும் பக்கம்

எனக்கு மிகவும் பிடித்த படி. குளுட்டமேட்டை வெளியிடும் நரம்பு முனையிலும் காபா-பி உண்டு. அங்கே அது கால்சியம் வாயில்களை அடக்குகிறது. நரம்பு முனையிலிருந்து சைகைப்பொருள் வெளியேறும் அளவு, கால்சியத்தின் ஏறக்குறைய நான்காம் அடுக்கைப் பொறுத்தது. டாட்ஜும் ரஹாமிமாஃபும் 1967இல் தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் கண்டது இது.

கால்சியம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் 0.41. அதாவது குளுட்டமேட் வரிசையில் 5 இருந்த இடத்தில் 2.05. தடுப்பு வரிசையைச் சுழியமாக்கிவிட்டுப் பாருங்கள்: −58.1. படி 3இல் சவ்வில் அவ்வளவு வாயில்களைத் திறந்து கிடைத்ததைவிட இது அதிகம். அதைவிட முக்கியம், அந்த ஒரு இணைப்பு மட்டும்தான் அடங்குகிறது. அதே அணுவுக்கு வரும் மற்றச் சைகைகள் அப்படியே இருக்கின்றன.

பின்சேர்க்கை

காபா-ஏவுக்கு −60 போட்ட ஒரு வாசகர், தனியாக −65 வருகிறதே, இது தூண்டுதல் ஆகாதா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. குளுட்டமேட்டையும் சேர்த்தால் −52. அதாவது இன்னும் தடுப்புதான். இந்த அட்டவணையில் −46.7க்குக் கீழே எதைப் போட்டாலும் கூட்டு விடை இறங்கும், மேலே போட்டால் ஏறும். வளரும் மூளையின் இளம் அணுக்களில், குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 புரதம் குறைவாக இருப்பதால் உள்ளே குளோரைடு கூடுதலாக இருக்கும். அதனால் காபா-ஏவின் திருப்பு மின்னழுத்தம் மேலே போய்விடும். −42 என்று போட்டுப் பாருங்கள்: இரண்டும் சேர்ந்து −44.8. அதாவது இங்கே காபா தடுக்கவில்லை, தூண்டுகிறது.

ஆகவே கட்டுரைகளைப் படிக்கும்போது முடிவுகளுக்குப் போகும் முன், மின்னழுத்தத்தைப் பதிவு செய்யும் நுண்குழாயான பிபெட்டின் கரைசலில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். சவ்வைக் கிழித்துச் செய்யும் முழு-அணுப் பதிவில் அந்தக் கரைசல்தான் அணுவின் உள் குளோரைடைத் தீர்மானிக்கிறது. இயல்பான அளவு கலையாமல் இருக்க வேண்டுமென்றால் சவ்வில் நுண்துளையிடும் கிராமிசிடின் என்ற பொருளைக் கொண்டு துளையிட்ட பதிவு செய்திருப்பார்கள். அதன் துளைகள் குளோரைடை விடுவதில்லை.