அருவிக்குக் கிளம்பும் முன் ஏற்றத்தையும் மழையையும் கணக்கிடுங்கள்

மலை அருவிக்கு நடந்துபோகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் தூரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். ஏற்றத்தையும் சேருங்கள்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இது; ஓய்வும் குளியலும் (அதுதானே நேரத்தை விழுங்கும்!) தனி.

அதைவிட முக்கியம் மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேல்மலையில் கொட்டிய மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். கழற்றி வைத்த செருப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாசி படிந்த பாறையில் எந்தக் காலணியும் வழுக்கும். அருவியின் உச்சிக்கு ஏறவே ஏறாதீர்கள்.