ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்கப் போறீங்களா?

இந்த நாயோட பூர்வீகம் தெரிஞ்சாதான் அதோட சேட்டை புரியும். 1819ல ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சிட்டிருந்த ஜான் ரஸ்ஸல், ஒரு பால்காரர்கிட்ட டிரம்ப்னு ஒரு வெள்ளை பெட்டை டெரியரை வாங்கினாரு, அப்புறம் டெவன்ல பாதிரியாரா இருந்துக்கிட்டே நரி வேட்டைக்குன்னு இந்த வகையை உருவாக்குனாரு. நரியைக் கொல்றது இதோட வேலை இல்ல, பொந்துக்குள்ள பூந்து குரைச்சு வெளிய விரட்டணும், அதான் நெஞ்சு ரெண்டு கைக்குள்ள அடங்குற அளவு சின்னதா இருக்கு.

அதனால குரைக்குதேன்னு அடிக்காதீங்க ப்ளீஸ். தோண்டுறதுக்கு ஒரு மூலையில மணல் கொட்டிக் குடுங்க, மோப்பம் பிடிச்சு தேடுற மாதிரி தீனியை ஒளிச்சு வைங்க, தினமும் ரெண்டு வேளை நல்லா ஓட விடுங்க, 5, 6 கிலோ தானேன்னு ஃப்ளாட்டுக்குள்ளயே அடைச்சு வச்சீங்கன்னா சோஃபாவைக் கிழிச்சிடும், பாவம் அதுக்கு வேற வேலை இல்லையே. முயல், ஹாம்ஸ்டர் இருக்குற வீட்டுக்கு இது வேணவே வேணாம்.

கூப்பிட்டா வர்றதைக் குட்டியிலயே பழக்குங்க. அப்பவும் வேலி இல்லாத இடத்துல கயித்தை அவுத்து விட்றாதீங்க, ஒரு எலி கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம குரல் அதுக்குக் கேக்கவே கேக்காது.