கிணறு உள்ள வீடும் காப்புறுதிக் கட்டணமும்

போன ஆவணியில் யாழ்ப்பாணம் போய் நின்றபோது, கொக்குவிலில் பக்கத்து வளவுக் கிடுகு வேலி பற்றிக்கொண்டது. யாரோ குப்பை கொளுத்தின நெருப்பு. கிணற்று மோட்டரைப் போட்டு ஒரு பக்கம் குழாயால் அடிக்க, மறுபக்கம் நாலைந்து பேர் வாளியோடு நிற்க, பத்து நிமிசத்தில் அணைந்துவிட்டது. கனடாவுக்கு வெளிக்கிட நின்ற அந்த வீட்டுப் பொடியன் கரி பிடித்த கையோடு கேட்டான்: "அண்ணை, அங்கையும் கிணறுள்ள வீடாப் பாத்து வாங்கினா நல்லம் என்ன?"

நல்லமில்லை, தம்பி. ஒன்ராறியோவில் கிணறுள்ள வீடென்றால், பெரும்பாலும் நகரசபைக் குழாய் அந்த றோட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். குழாய் வராத இடத்தில் ஹைட்ரன்ட், அதுதான் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கிற றோட்டோரக் குழாய், எங்கே இருக்கும்? வீட்டுக் காப்புறுதிக்குக் கட்டணம் போட, காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஃபயர் அண்டர்றைற்றர்ஸ் சேர்வே என்ற அமைப்பு ஊர் ஊராகத் தீயணைப்பு வசதியை அளந்து தரம் போடுகிறது. கடை, பெரிய கட்டடங்களுக்கு 1 முதல் 10 வரை, 1தான் திறம். அதில் தீயணைப்புப் படைக்கு 40 வீதம், தண்ணீருக்கு 30, தடுப்பு வேலைகளுக்கும் பரிசோதனைக்கும் 20, அவசர அழைப்புத் தொடர்பாடலுக்கு 10.

குடியிருப்பு வீடுகளுக்கு 1 முதல் 5 வரை. இங்கே இரண்டு தூரங்களை மனதில் வைத்திருங்கோ: ஹைட்ரன்ட் 300 மீற்றருக்குள், தீயணைப்பு நிலையம் 8 கிலோமீற்றருக்குள். வரைபடத்தில் கோடு கீறி அளக்காதேங்கோ, வண்டி ஓடுகிற றோட்டுத் தூரம்தான் கணக்கு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து சுன்னாகம் போய்ச் சேர முதலே அந்த 8 முடிந்துவிடும். அதைத் தாண்டினால் 5ஆம் தரம், பாதுகாப்பு இல்லாத இடம் என்று கணக்கு. முழுநேரப் படையும் ஹைட்ரன்டும் உள்ள நகரத்துக்கு 1. ஊர்ப்புறங்களில் படையே தொண்டர்கள்தான். வேலைத்தலத்தில் நிற்கிறவர் அழைப்பு வந்ததும் விட்டுவிட்டு ஓடிவருவார். ஹைட்ரன்ட் இருந்தால் அங்கே 3ஏ, தாங்கி வண்டியில்தான் தண்ணீர் வருமென்றால் 3பி. தாங்கி வண்டிகள் மாறி மாறி ஓடித் தண்ணீர் அறாமல் கொடுப்பதைச் சோதனையில் காட்டிய படைகளும் உண்டு. அந்த இடங்களைப் பல கம்பனிகள் ஹைட்ரன்ட் உள்ள இடம்போலவே எடுக்கும்.

நான் விட்ட பிழை ஒன்று. வீடு பார்க்கப் போன இடத்தில், குளத்தடியில் நின்ற குழாயைக் கண்டு ஹைட்ரன்ட் இருக்கு என்று முகவரிடம் சொல்லிவிட்டேன். அது வண்டி குளத்துத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கப் போட்ட வெறுங்குழாய். உண்மையான ஹைட்ரன்ட் சந்தியில், நடந்து அளந்தால் 400 மீற்றருக்கு மேல். ஒரே றோட்டில் காப்புறுதிக்கு முன்வீட்டுக்கு ஒரு விலை, கடைசி வீட்டுக்கு இன்னொரு விலை வருவது இப்படித்தான். ஒவ்வொரு கம்பனியும் தரத்தைத் தன் பாட்டுக்கு எடைபோடும் என்பதால், கையெழுத்து வைக்க முதல் சரியான விலாசத்தைக் கொடுத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கோ.

பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும்வரை இது வீட்டுக்காரர் பாடு. உங்கட சாமானுக்கு வாடகைக்காரர் காப்புறுதி எடுத்தால் போதும். கார் இருந்தால் மட்டும் கவனம்: ரொறன்ரோவில் ஹைட்ரன்டுக்கு 3 மீற்றருக்குள் நிறுத்தினால் ரிக்கற் விழும். பனிக்காலத்தில் ஹைட்ரன்டைச் சுற்றிச் சவளால் வழித்தும் விடுங்கோ. முதல் வருசம் வாசல் பனியை முழுக்க அதன்மேலே குவித்த ஆள் நான்.