டிசிபி கணுவும் வெப்சாக்கெட் கணுவும் ஒரே வலையில்: ஜாவாஸ்கிரிப்டில் படிப்படியாக

பியர்-டு-பியர் வலையில் இரண்டு கணுக்கள் (வலையில் சேரும் நிரல்கள்) பேசிக்கொள்ள, இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிரான்ஸ்போர்ட்டாவது, அதாவது தரவைக் கொண்டுசெல்லும் வழியாவது, இருக்க வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸில் ஓடும் கணுவுக்கு டிசிபி இயல்பாகவே கிடைக்கிறது. இணையப் பக்கத்துக்குள் ஓடும் நிரலோ டிசிபி சாக்கெட்டை நேரடியாகத் திறக்கவே முடியாது. வெப்சாக்கெட், வெப்ஆர்டிசி, வெப்டிரான்ஸ்போர்ட் ஆகியவைதான் அதற்குள்ள வழிகள். இந்த இரண்டு தரப்பையும் லிப்பி2பி (libp2p) நூலகத்தைக் கொண்டு ஒரே வலையில் சேர்க்கப் போகிறோம். ஐபிஎஃப்எஸ் என்ற பரவலாக்கப்பட்ட கோப்புப் பகிர்வுத் திட்டத்துக்காக எழுதப்பட்டு, பிறகு தனியாகப் பிரிந்த நூலகம் இது.

செய்யப்போவது மூன்று கணுக்கள். சர்வர் கணுவுக்கு டிசிபி மட்டும். உலாவிக் கணுவுக்கு வெப்சாக்கெட் மட்டும். நடுவில் நிற்கும் பாலக் கணுவுக்கு இரண்டும். சோதனைக்காக மூன்றையும் ஒரே கோப்பில், நோட்.ஜேஎஸ்ஸிலேயே ஓட்டுவோம். செயற்கூறுகளின் பெயர்களைக் கீழே ஒலிபெயர்த்துக் கொடுத்திருக்கிறோம். எடிட்டரில் நூலகத்தின் ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள்.

படி 1: நிறுவுதல்

புதிய ஃபோல்டரில் என்பிஎம் இனிட் கொடுத்து, பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் ‘டைப்’ என்பதற்கு ‘மாட்யூல்’ என்று மதிப்பிடுங்கள். லிப்பி2பி தொகுப்புகள் எல்லாம் இஎஸ் மாட்யூல்கள் என்பதால் பழைய ரிக்வயர் பாணியை விட்டு இம்போர்ட் பாணியில் எழுதுவதே நல்லது.

எட்டுத் தொகுப்புகள் தேவை. முதலாவது லிப்பி2பி மையத் தொகுப்பு. @லிப்பி2பி பெயரின் கீழ் டிசிபி, வெப்சாக்கெட்ஸ், ஐடென்டிஃபை, பிங், சர்க்கிட்-ரிலே-வி2 என ஐந்து. @செயின்சேஃப் பெயரின் கீழ் லிப்பி2பி-நாய்ஸ், லிப்பி2பி-யாமக்ஸ் என இரண்டு. எட்டையும் ஒரே நேரத்தில் நிறுவுங்கள். மையத் தொகுப்பு புதிய பதிப்பிலும் டிரான்ஸ்போர்ட் பழைய பதிப்பிலும் இருந்தால், எங்கோ ஆழத்தில் ‘இது செயற்கூறு அல்ல’ என்று பிழை வரும். தவறு உங்கள் நிரலில் இருப்பதாக நினைத்து வீணாகத் தேடுவீர்கள்.

படி 2: முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. லிப்பி2பியில் முகவரி என்பது மல்டிஅட்ரஸ். இரண்டைப் பாருங்கள்:

/ஐபி4/127.0.0.1/டிசிபி/9001

/ஐபி4/127.0.0.1/டிசிபி/9002/டபிள்யூஎஸ்

இடமிருந்து வலமாக ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. வெப்சாக்கெட் டிசிபியின் மேல் ஓடுவதால் இரண்டாவது முகவரியிலும் ‘டிசிபி’ இருக்கிறது. அதைப் பார்த்து, டிசிபி மட்டும் தெரிந்த கணுவும் இதை எட்டிவிடும் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டும் முகவரியைக் கடைசி வரை படித்து, முழுவதும் தனக்குப் பொருந்தினால் மட்டுமே எடுத்துக்கொள்ளும். வால்பகுதியில் ‘டபிள்யூஎஸ்’ இருந்தால் டிசிபி டிரான்ஸ்போர்ட் ஒதுங்கிவிடும். இல்லாவிட்டால் வெப்சாக்கெட் டிரான்ஸ்போர்ட் ஒதுங்கிவிடும்.

இறுதியில் /பி2பி/ என்று தொடங்கிக் கணுவின் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். அது கணுவின் பொதுச் சாவியிலிருந்து பிறப்பது. சாவியை நீங்கள் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதிய சாவி உருவாகும், அடையாளமும் மாறும். நேற்றைய முகவரியை நிரலில் எழுதி வைத்து இன்று அழைத்தால், போர்ட் சரியாக இருந்தும் அடையாளம் பொருந்தாமல் இணைப்பு முறியும்.

படி 3: மூன்று கணுக்களை உருவாக்குதல்

மூன்றையும் கிரியேட்லிப்பி2பி செயற்கூறால் உருவாக்குகிறோம். கனெக்ஷன்என்கிரிப்டர்ஸ் பட்டியலில் நாய்ஸ், ஸ்ட்ரீம்மக்ஸர்ஸ் பட்டியலில் யாமக்ஸ், சர்வீசஸ் பகுதியில் ஐடென்டிஃபையும் பிங்கும் மூன்றுக்கும் பொது. நாய்ஸ் இணைப்பை மறையாக்கம் செய்து, எதிர்முனையின் அடையாளத்தையும் சரிபார்க்கிறது. யாமக்ஸ் ஒரே இணைப்பில் பல ஸ்ட்ரீம்களை ஓடவிடுகிறது. ஐடென்டிஃபை மூலம் கணுக்கள் தங்கள் முகவரிகளையும் நெறிமுறைகளையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். டிரான்ஸ்போர்ட் பொருந்தியும் நாய்ஸும் யாமக்ஸும் இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் பயனில்லை. 2ஆம் பதிப்புக்கு முன் எழுதப்பட்ட விளக்கங்களில் மறையாக்க அமைப்பின் பெயர் கனெக்ஷன்என்கிரிப்ஷன் என்றிருக்கும். அதை அப்படியே ஒட்டினால் நூலகம் அதைக் கண்டுகொள்ளாது. கணு எழும்பும், ஆனால் யாரோடும் இணையாது.

கணுவுக்குக் கணு வேறுபாடு டிரான்ஸ்போர்ட்ஸ், அட்ரசஸ் என்ற மற்ற இரண்டு அமைப்புகளில்:

பாலக் கணு: டிரான்ஸ்போர்ட்ஸ் பட்டியலில் டிசிபி, வெப்சாக்கெட்ஸ் இரண்டும். அட்ரசஸ் பகுதியின் லிசன் பட்டியலில் மேலே காட்டிய இரண்டு முகவரிகளும். போர்ட் எண்கள் வேறுவேறாக இருக்கட்டும். ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டாவதாக வருவது போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழையில் விழும். எண் எதுவானாலும் பரவாயில்லை என்றால் 0 என்று எழுதுங்கள், இயங்குதளம் காலியான போர்ட்டை எடுத்துக்கொடுக்கும்.

சர்வர் கணு: டிசிபி மட்டும், லிசனில் /ஐபி4/127.0.0.1/டிசிபி/0.

உலாவிக் கணு: வெப்சாக்கெட்ஸ் மட்டும், லிசன் பட்டியலே வேண்டாம். உண்மையான உலாவியும் வெப்சாக்கெட்டில் வெளியே அழைக்கத்தான் முடியும், காத்திருந்து வாங்க முடியாது.

படி 4: அழைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு கணுவின் கெட்மல்டிஅட்ரஸ் முடிவையும் முதலில் திரையில் அச்சிடுங்கள். போர்ட் 0 கொடுத்த இடத்தில் உண்மையான எண் தெரியும்.

உலாவிக் கணுவிலிருந்து பாலத்தின் டபிள்யூஎஸ் முகவரிக்கு டயல் செய்யுங்கள், இணையும். சர்வரிலிருந்து பாலத்தின் டிசிபி முகவரிக்கு டயல் செய்யுங்கள், அதுவும் இணையும். பிங் சேவையால் அழைத்தால் 32 பைட் போய்த் திரும்பிய நேரம் மில்லிவினாடியில் கிடைக்கும். இப்போது உலாவிக் கணுவிலிருந்து சர்வருக்கு நேராக டயல் செய்யுங்கள். இந்த அழைப்பில் செல்லத்தக்க முகவரி எதுவும் இல்லை என்ற பிழை வரும். இது வரவேண்டிய பிழைதான், அதனால் டயலை டிரை-கேட்ச்சுக்குள் வையுங்கள். டைம்அவுட் ஆகும்வரை காத்திருக்காமல் உடனே வருவதைக் கவனியுங்கள்: முகவரிகளை வடிகட்டியபோதே ஒன்றும் மிஞ்சாததால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. ஃபயர்வாலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பாலத்தை இரண்டு டிரான்ஸ்போர்ட்டிலும் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசிபியில் ஏற்கெனவே இணைந்த கணுவை மறுபடி டபிள்யூஎஸ் முகவரியில் அழைத்தால், நூலகம் புதிதாக இணைக்காது. பழைய இணைப்பையே எடுத்துக் கையில் கொடுக்கும். வெப்சாக்கெட் வேலை செய்வதாக ஏமாந்துபோவீர்கள். இணைப்பின் ரிமோட்அட்ரஸ் மதிப்பை அச்சிட்டால் எந்த வழியில் இணைந்தது என்று தெரிந்துவிடும். கட்டாயம் புதிய இணைப்பு வேண்டுமானால் டயலுக்கு ஃபோர்ஸ்: ட்ரூ கொடுங்கள்.

படி 5: பாலம் தானாகக் கடத்தாது

இரண்டு மொழி தெரிந்தவர் நடுவில் உட்கார்ந்திருப்பதாலேயே மொழிபெயர்ப்பு நடந்துவிடாது. அவர் வாயைத் திறக்க வேண்டும். பாலக் கணுவும் அப்படித்தான். உலாவியோடும் சர்வரோடும் அது தனித்தனியே பேசும், ஒருவர் செய்தியை மற்றவருக்குத் தானாகக் கடத்தாது. கடத்த வைக்க சர்க்கிட் ரிலே தேவை.

பாலத்தின் சர்வீசஸ் பகுதியில் சர்க்கிட்ரிலேசர்வர் சேருங்கள். மற்ற இரண்டின் டிரான்ஸ்போர்ட்ஸ் பட்டியலிலும் சர்க்கிட்ரிலேடிரான்ஸ்போர்ட் சேருங்கள். ஐடென்டிஃபை சேவையை விட்டிருந்தால், தேவையான சேவை இல்லை என்று கணு இங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, பாலத்தை முதலில் துவக்கி, அதன் முழு டிசிபி முகவரியின் பின்னால் /பி2பி-சர்க்கிட் ஒட்டி, சர்வர் கணுவின் லிசன் பட்டியலில் சேருங்கள். சர்வர் பாலத்திடம் போய் ஓர் இடத்தை முன்பதிவு செய்துகொள்ளும். அந்த முகவரி சர்வரின் கெட்மல்டிஅட்ரஸ் முடிவில் தென்படும்வரை பொறுங்கள்; அதற்கு முன் அழைத்தால் முன்பதிவு இல்லை என்று பாலம் மறுத்துவிடும்.

உலாவிக் கணு அழைக்க வேண்டிய முகவரியின் வரிசை இது: பாலத்தின் டபிள்யூஎஸ் முகவரி, பாலத்தின் அடையாளம், /பி2பி-சர்க்கிட், கடைசியாக /பி2பி/ என்று சர்வரின் அடையாளம். பாலம் வரை வெப்சாக்கெட், பாலத்துக்கு அப்பால் டிசிபி. மறையாக்கம் உலாவிக்கும் சர்வருக்கும் இடையே முழுவதுமாக நடப்பதால் நடுவிலிருக்கும் பாலம் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது.

ரிலே இணைப்பை நம்பிப் பெரிய கோப்புகளை அனுப்ப வேண்டாம். இயல்பு அமைப்பில் ஓர் இணைப்புக்கு 2 நிமிடம், 128 கிலோபைட்தான் எல்லை, மீறினால் துண்டிக்கப்படும். ஒரு பாலம் 15 முன்பதிவுகளைத்தான் ஏற்கும். மேலும், வரம்புள்ள இணைப்பில் உங்கள் சொந்த நெறிமுறை ஓட வேண்டுமானால், ஹேண்டில் செய்யும் பக்கமும் ஸ்ட்ரீம் திறக்கும் பக்கமும் ரன்ஆன்லிமிடெட்கனெக்ஷன்: ட்ரூ கொடுக்க வேண்டும். பிங் ஓடுகிறது, உங்கள் நெறிமுறை மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முடிந்ததும் மூன்று கணுக்களையும் ஸ்டாப் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிரல் முடியாமல் டெர்மினலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நிஜமான உலாவிக்குக் கொண்டுபோகும்போது

அதே உலாவிக் கணுவை இணையப் பக்கத்தில் வைத்தால் 127.0.0.1 முகவரிக்கு அழைப்பே போகாது. உலாவிப் பதிப்பில், எந்த இணைப்பை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் கனெக்ஷன்கேட்டர், தனிப்பட்ட ஐபி முகவரிகளையும் பாதுகாப்பற்ற வெப்சாக்கெட்டையும் இயல்பாகவே தடுக்கிறது. உங்கள் கணினியில் சோதிக்கும்போது மட்டும் கனெக்ஷன்கேட்டர் பகுதியின் டினைடயல்மல்டிஅட்ரஸ் செயற்கூறு எப்போதும் ஃபால்ஸ் தரும்படி மாற்றுங்கள். வெளியிடும் நிரலில் அதை விட்டுவைக்காதீர்கள்.

எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து வெளியுலகப் பாலத்தை எட்ட டிஎல்எஸ் மறையாக்கம் போட்ட வெப்சாக்கெட் வேண்டும். எளிய வழி, பாலத்தின் முன் எஞ்சின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்சியை (வரும் அழைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வரை) வைத்து, 443 போர்ட்டில் சான்றிதழை அதனிடம் விட்டு, உள்ளே 9002க்குத் திருப்புவது. பிராக்சியில் அப்கிரேட் ஹெடர்களைக் கடத்த மறந்தால் வெப்சாக்கெட் கைகுலுக்கலே நடக்காது. பாலத்துக்குத் தன் வெளிமுகவரி தானாகத் தெரியாது என்பதால் அட்ரசஸ் பகுதியின் அனவுன்ஸ் பட்டியலில் /டிஎன்எஸ்4/ என்று தொடங்கி உங்கள் டொமைன் பெயர், /டிசிபி/443/டபிள்யூஎஸ்எஸ் என முடியும் முகவரியை எழுதுங்கள். அனவுன்ஸில் எழுதியது மட்டுமே வெளியே அறிவிக்கப்படும்; பாலத்தின் டிசிபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் அதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.