தெருவில் கிடக்கும் கவர்: மனநல மருத்துவரிடம் முதல் முறை போகிறவர்களுக்கு

“தெருவில் நடந்து போகிறீர்கள். ஸ்டாம்பு ஒட்டி, விலாசம் எழுதிய கவர் ஒன்று கீழே கிடக்கிறது. என்ன செய்வீர்கள், சார்?”

கேட்டவர் மனநலப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் இளம் மருத்துவர். எதிரே உட்கார்ந்திருந்த நான் 27 ஆண்டுகளாக அஞ்சல் துறையில் குப்பை கொட்டுகிறவன். “ஸ்டாம்பின் மேல் முத்திரை விழுந்திருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டேன். விழுந்திருந்தால் அது தபால்காரர் பையிலிருந்து நழுவியது, அஞ்சலகத்தில் கொடுத்துவிட வேண்டும். விழாவிட்டால் அனுப்ப வந்தவர் தவறவிட்டது, பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டால் போதும். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அது காலம் காலமாகக் கேட்கப்படும் கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. சாதாரண விஷயத்தில் ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பார்ப்பதற்காகக் கேட்பார்கள். மதிப்பெண் எதுவும் கிடையாது. “பிரித்துப் பார்ப்பேன், அதில் என்னைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள்” என்று ஒருவர் சொன்னால், அது மருத்துவருக்கு வேறொரு சேதி. போவதற்கு முதல் நாள் இரவு நான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு கிடந்தேன்: தலையில் வயர் மாட்டுவார்கள், மயக்க ஊசி போட்டுப் பேச வைப்பார்கள், ஷாக் கொடுப்பார்கள். உள்ளே நடந்தது பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

எங்கே போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். கிளம்புவதற்கே தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடும் எண்ணம் இப்போதே அழுத்துகிறது என்றால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது; வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, துணையோடு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

யாரிடம் போகிறோம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதுபவர் அவர்தான். உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், சோதனைகள் செய்பவர். அவர் மருந்து எழுதுவதில்லை. “கவுன்சலிங்” என்று போர்டு மாட்டிய இடத்தில் எல்லாம் இந்த இருவரில் ஒருவர் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் கதை சுருக்கமானது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு துணை அஞ்சலகத்தில் வேலை. மாலையில் கணக்கு முடிக்கும்போது நாலாயிரம் ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பணம் ஒரு செல்வமகள் பாஸ்புக்குக்குள் இருந்தது, நான் வைத்தபடியே. இதற்கு முன்னால் மூன்று மாதமாகவே இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் பிறகு தூக்கம் கிடையாது. சட்டைக்குள் நான் இருந்தேனா என்று கேட்கும் அளவுக்கு இளைத்திருந்தேன். முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். நான்கு நிமிடம். நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். தவறு முழுக்க அவர்கள்மேல் இல்லை, நானும் கவுன்டரில் உட்காருகிற ஆள் ஆயிற்றே, “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதும் “நன்றாக இருக்கிறேன்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன்.

அதனால் இரண்டாவது முறை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். நீங்களும் எழுதுங்கள். எப்போது தொடங்கியது (தேதி தெரியாவிட்டால் “ஆடிப் பெருக்குக்குப் பிறகு” என்றாலும் சரி), எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசி எப்படி, எடை குறைந்ததா, வேலையில் என்ன பிசகுகிறது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துக் கடை லேகியமும் கணக்கில் சேரும். குடிப்பழக்கம் இருந்தால் அளவோடு எழுதுங்கள். “எப்போதாவது” என்பது அளவாகாது. அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டவும் வெட்கப்பட வேண்டாம். என்னுடையதை அந்தப் பெண் வாங்கி, கோப்பிலேயே சேர்த்துவிட்டார்.

வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. உங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசுவார்கள். குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நமக்கே தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் மனைவி சொன்னதைப் பிறகு கேட்டு அசந்துபோனேன். “இவருக்குக் காபியில் சர்க்கரை அரைக் கரண்டி குறைந்தாலும் சத்தம் போடுவார். ஒரு நாள் சர்க்கரையே போடாமல் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.” மருத்துவர் அதை அப்படியே எழுதிக்கொண்டாராம். தனியாகச் சொல்ல வேண்டியது ஏதாவது உங்களுக்கு இருந்தால், “இவர்கள் இல்லாமல் பேச வேண்டும்” என்று தாராளமாகக் கேளுங்கள்.

மருத்துவக் கல்லூரி என்றால் கதையை இரண்டு முறை சொல்ல வேண்டிவரும்: முதலில் மேற்படிப்பு மாணவரிடம், பிறகு மூத்த மருத்துவரிடம். எரிச்சலாக இருக்கும். எனக்கு இரண்டாம் முறைதான் ஒழுங்காக வந்தது.

கேள்விகள் பல திசையிலிருந்து வரும். பள்ளிப் படிப்பு, கல்யாணம், கடன், வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா. சில கேள்விகள் விசித்திரமாகப் படும். யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கிறதா? யாராவது உங்களைப் பின்தொடர்வதாகத் தோன்றுகிறதா? தூக்கமே தேவைப்படாமல், தலைகால் புரியாத உற்சாகத்தில், கண்டபடி செலவு செய்த நாட்கள் எப்போதாவது உண்டா? “சோர்ந்து கிடக்கிறவனிடம் உற்சாகத்தைப் பற்றிக் கேட்கிறார்களே” என்று நினைத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ளவருக்குச் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், மனம் மறுமுனைக்குத் தாவிவிடலாம். அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் மறைக்காதீர்கள்.

பிறகு குடும்பம். “உங்கள் வீட்டில் யாருக்காவது மனநோய், தற்கொலை?” இல்லை என்றேன். “சிறு வயதில் இறந்தவர்கள்?” தாய்மாமா ஒருவர் கிணற்றில் தவறி விழுந்துவிட்டார், எனக்கு அப்போது பதினான்கு வயது என்றேன். எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாக்கியம் அது, ஒரு சொல் மாறாமல். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் கேட்டார்: “மாமாவுக்கு நீச்சல் தெரியுமா, சார்?”

எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். திராட்சைத் தோட்டத்துக் கிணறு, அதே கிணறு. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடுவார். நான் வாயைத் திறக்க நேரமாயிற்று. மருத்துவர் காத்திருந்தார்; வெளியே அத்தனை பேர் வரிசையில் இருந்தும் அவசரப்படுத்தவில்லை.

அதற்கு அடுத்த கேள்விதான் எல்லோரும் பயப்படுவது. “உங்களுக்கு அப்படி எண்ணம் வந்ததுண்டா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். செத்துப்போனால் தேவலை என்று நினைப்பதற்கும், வழி வகுத்து வைத்திருப்பதற்கும் இடையே பல படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்கத்தான் துருவிக் கேட்கிறார்கள். ‘ஆம்’ என்று சொன்ன மாத்திரத்தில் வார்டில் சேர்த்துவிடுவதில்லை. எனக்கு வந்தது எண்ணம் மட்டும். தினமும் என்னோடு பேச வேண்டும், மாத்திரைகளை அவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார்கள். போலீஸ் பயமும் வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கவும் அதே சட்டம்தான் கட்டளையிடுகிறது. ஷாக் என்று நாம் பயப்படும் சிகிச்சையை மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதற்கும் அதில் தடை உண்டு. அலுவலகத்துக்கு விடுப்புச் சான்றிதழ் தேவையென்றால், அதில் என்ன எழுதுவார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சிறு சோதனைகள் கடைசியில். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர். மாம்பழம், நாற்காலி, ரூபாய் என்று மூன்று பெயர் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன பொருள் என்றார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். 93, 86, 79. அதோடு நின்றுவிட்டேன். நாள் முழுக்கப் பணம் எண்ணுகிற ஆளுக்கு 72 வரவில்லை. அவமானத்தில் காது சூடேறியது. கணக்குத் தெரியுமா என்பதல்ல, கவனம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதே அங்கே பார்க்கப்படுவது என்று மூத்த மருத்துவர் விளக்கினார். மனச்சோர்வில் முதலில் சிதறுகிறவற்றில் கவனமும் ஒன்றாம்.

ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அந்தத் தொந்தரவு இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. எனக்கு 17. அந்த எண்ணை வைத்து மட்டும் நோயை முடிவு செய்வதில்லை.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை, பி12, ஹீமோகுளோபின் பார்க்க எழுதினார்கள். தைராய்டு குறைந்தாலே மனிதன் இப்படிச் சுருண்டுவிடுவான் என்பதால், முதலில் அதை விலக்கிவிட வேண்டும். தலைக்கு ஸ்கேன் எல்லோருக்கும் எடுப்பதில்லை, எனக்கு எடுக்கவில்லை.

சீட்டில் ‘எஃப் 32.1’ என்று எழுதியிருந்தது. பின்கோடு பார்த்தே பழகிய கண். இது எந்த ஊர் என்று கேட்டேன். அது நோய்க்கான குறியீடு; மிதமான மனச்சோர்வு, முதல் முறை வந்தது என்றார் மருத்துவர். எல்லோருக்கும் முதல் நாளிலேயே பெயர் வைத்துவிட மாட்டார்கள். இரண்டு மூன்று முறை பார்த்த பிறகுதான் தெரியும் என்று சொன்னால், அதைத் திறமைக்குறைவு என்று எண்ண வேண்டாம்.

எழுந்து வருவதற்கு முன்னால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: நோயின் பெயர், மாத்திரை என்ன செய்யும், எத்தனை நாளில் பலன் தெரியும், தொந்தரவு வந்தால் யாரிடம் பேசுவது. எனக்குக் கொடுத்த வகை மாத்திரை வேலை காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், இதற்கு அடிமையாகிவிட மாட்டீர்கள், ஆனால் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார்கள். குமட்டல் ஐந்து நாள் இருந்தது. மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருப்பதாக அம்மா சொன்னதையும் கேட்டேன். “போய்விட்டு வாருங்கள், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். போய்விட்டு வந்தோம்.

அடுத்த முறை இரண்டு வாரத்தில். ரத்தப் பரிசோதனை முடிவும் ஓ.பி. சீட்டும் கையில் இருக்கட்டும். நான் சீட்டை அலுவலக இழுப்பறையில் விட்டுவிட்டுப் போய், புதுச் சீட்டுக்காக முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன்.